மெழுகுதிரி நின்றெரிந்தால்தான் ஆட்டம்

1

போன சனிக்கிழமை மகன் என்னை உதைபந்தாட்டம் பார்க்கக் கூட்டிக்கொண்டு போனான். நான் அவனைக் கூட்டிக்கொண்டு போனதாக எழுதத்தான் ஆசை. ஆனால் லண்டனுக்கு வந்து பத்து வருஷத்துக்கு மேலாகியும் அந்த மைதானத்துக்குள் எந்த வாசலால் போவது என்று எனக்குத் தெரியாது. அவனுக்குப் பன்னிரண்டு வயது, எல்லா வாசலும் தெரியும்.

ஆட்டம் தொடங்க முன் இரண்டு அணியும் நடு வட்டத்துக்கு வந்து வரிசையாக நின்றன. எல்லார் கையிலும் கறுப்புப் பட்டி. யாரோ ஒருவர் காலமாகிவிட்டார் என்று ஒலிபெருக்கி அறிவித்து, ஒரு நிமிட மௌனம் கேட்டது. நான் பழக்கதோஷத்தில் கம்பளித் தொப்பியைக் கழற்றினேன். பிறகு குனிந்து சப்பாத்து நாடாவையும் அவிழ்க்கத் தொடங்கினேன். மகன் என்னைத் தெரியாதவன் போல இரண்டு பேர் தள்ளிப் போய் நின்றான்.

ஒரு சப்பாத்தைக் கழற்றி முடிப்பதற்குள் மத்தியஸ்தர் விசிலை ஊதிவிட்டார். அந்த நிமிடம் அரை நிமிடம்கூட இருக்காது. அதற்குள்ளேயே ஒருவர் இருமினார், இன்னொருவர் எதிரணியின் தாய்மாரை விசாரித்தார். நான் குளிர்ந்த சீமெந்தில் ஒற்றைச் சப்பாத்தோடு நின்று, செத்தது ஆர் என்று மகனைக் கேட்டேன். அவனுக்குத் தெரியாது. பக்கத்தில் நின்றவருக்கும் தெரியாது. அவருக்கும் பக்கத்தில் நின்றவர், கழகத்தின் பழைய தலைவர் ஒருவருடைய தம்பியாக இருக்கலாம் என்றார். அதற்கு முதல் கிழமையும் இப்படித்தான் நின்றார்களாம், ஆருக்கு என்று அவருக்கு ஞாபகமில்லை.

"எவ்ரி வீக் ஆராவது டெட் அப்பா" என்றான் மகன், தன்னுடைய தமிழில். அதில் துக்கமும் இல்லை, கிண்டலும் இல்லை. மழை பெய்கிறது என்று சொல்வதைப் போலச் சொன்னான்.

வீட்டுக்கு வரும் வழியில் ரயிலில் இருந்து யோசித்தேன். இந்த அஞ்சலிகள் அளவுக்கு மிஞ்சிவிட்டனவா என்று இங்குள்ள பத்திரிகைகளில் இப்போது சிலர் கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். வெள்ளைக்காரன் எதையும் பிந்தித்தான் கண்டுபிடிப்பான். இந்தக் கேள்வியை ஊர்காவற்றுறைக் கடற்கரையில் நாங்கள் அறுபதுகளின் தொடக்கத்திலேயே கேட்டுவிட்டோம். கேட்டது ஒரு பெண்.

2

இதை இப்போது எழுதுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இங்குள்ள எங்கள் சங்கம் கோடையில் ஓர் உதைபந்தாட்டச் சுற்றுப்போட்டி நடத்தப் போகிறது. பூங்காவுக்கு அனுமதி எடுப்பதற்காக நானும் செயலாளரும் நகரசபைக் கந்தோரில் ஒரு பகல் முழுக்கக் கதிரை தேய்த்தோம். முதல் யன்னலில் இருந்தவர் இரண்டாம் யன்னலுக்குப் போகச் சொன்னார், இரண்டாம் யன்னலில் இருந்தவர் தேநீர் குடிக்கப் போயிருந்தார். கடைசியில் ஒரு பெண் அதிகாரி, பின்னேரம் ஆறு மணிக்குக் காவல்காரர் கேற்றைப் பூட்டிவிடுவார் என்றும், அதற்குப் பிறகு உள்ளே நிற்பவர்கள் விடியும்வரை உள்ளேதான் என்றும் சிரிக்காமல் சொன்னார்.

அடுத்த ஞாயிறு கூட்டம். ஆட்டத்துக்கு எவ்வளவு நேரம் என்பதைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. அஞ்சலிக்கு எவ்வளவு நேரம் என்பதில்தான் வாக்குவாதம். ஒவ்வொரு ஊராருக்கும் தங்கள் தங்கள் இறந்தவர்கள் வேண்டும். மடத்துவெளிக்காரர் ஒருவர் தன்னுடைய பள்ளிக்கூட விளையாட்டு வாத்தியாரைச் சேர்க்கச் சொன்னார். உடனே நெடுந்தீவுக்காரர் எழும்பி, அப்படியென்றால் எங்கள் வாத்தியார் என்ன குறைந்தவரா என்று கேட்டார். அந்த வாத்தியார் உயிரோடு இருக்கிறார் என்று பின்னாலிருந்து யாரோ சொல்ல, அது பெரிய விஷயமில்லை, சுற்றுப்போட்டிக்கு இன்னும் ஆறு மாதம் இருக்கிறது என்றார் நெடுந்தீவுக்காரர்.

அஞ்சலி உரையை எழுதும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. தீவுப்பகுதியில் மத்தியஸ்தராக நின்ற அனுபவம் எனக்கு உண்டு என்பது காரணம். அந்த அனுபவம் என்ன என்று அவர்கள் கேட்கவில்லை. ஊரில் இருந்து இதை வாசிக்கும் உங்களுக்குச் சொல்கிறேன்.

3

நான் தீவுப்பகுதியில் சரவணை என்ற ஊரவன். ஊர்காவற்றுறையில் ஒரு கந்தோரில் கிளாக்கராக இருந்தேன். அங்கே கடற்கரைக் குறிச்சி ஒன்றில் கத்தோலிக்கத் தொழிலாளிகளின் உதைபந்தாட்டக் கழகம் ஒன்று இருந்தது. அவர்களுடைய பரம வைரிகள் மண்டைதீவு அணி. இரண்டு பக்கமும் நம்பக்கூடிய ஆள் என்றால் பந்தைப் பற்றி ஒன்றும் தெரியாத சைவக்காரன்தான் என்று தீர்மானித்து, விசிலை என் கழுத்தில் மாட்டிவிட்டார்கள்.

கழகத்தின் இடதுபக்க முன்வரிசை ஆட்டக்காரன் யோசேப்பு. நல்ல வேகம், நல்ல முகம். ஒரு கார்த்திகை மாதம் கடலுக்குப் போனவன் திரும்பி வரவில்லை. அவனுக்குத் திரேசம்மா என்ற மனைவியும் கைக்குழந்தையும் இருந்தார்கள். ஊர் அழுதது. உண்மையாகவே அழுதது, அதில் நான் கிண்டல் செய்ய ஒன்றுமில்லை.

கழகத் தலைவர் ஒரு சம்மாட்டியார். மூன்று வள்ளமும் வலையும் உள்ளவர். யோசேப்பு அவருடைய வள்ளத்தில்தான் போனவன். தை பிறந்ததும் அவர் யோசேப்பின் பெயரில் கிண்ணம் ஒன்றை அறிவித்தார். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னால் அவனுடைய படத்துக்கு மாலை. பிறகு கறுப்புச் சீலையோடு திரேசம்மா வந்து மெழுகுதிரி ஏற்றுவாள். அது எரிய இரண்டு நிமிட மௌனம். அதன் பிறகு ஆட்டம்.

கேட்க எவ்வளவு அழகாக இருக்கிறது. ஆனால் அந்த வெளி கடலோரம், மாதமோ தை. வாடைக்காற்று அடிக்கிற அடியில் கோல் கம்பமே ஆடும், மெழுகுதிரி எப்படி நிற்கும்? அணைந்தால் மௌனம் செல்லாது, முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்பது சம்மாட்டியாரின் சட்டம். ஆகவே இரண்டு அணியும் சுற்றி நின்று வேட்டியையும் சாரத்தையும் விரித்து மறைப்புக் கட்டும். மறைப்புக்குள் திரேசம்மா குந்தியிருந்து நெருப்புக்குச்சி தட்டுவாள். இருபத்திரண்டு ஆட்டக்காரரும் காற்றோடு விளையாடிக் களைத்த பிறகுதான் பந்தோடு விளையாடத் தொடங்குவார்கள்.

இதோடு விட்டாலும் பரவாயில்லை. யோசேப்புக்கு மௌனம் என்றால் எங்கள் ஆளுக்கு ஏன் இல்லை என்று மண்டைதீவார் செத்துப்போன தங்கள் பழைய கப்டனைக் கொண்டுவந்தார்கள். கோல் கம்பத்துக்கு மரம் தந்தவரின் மாமியார் செத்தார், அவவுக்கும் ஒரு மௌனம். பிறகு பஸ் சாரதி ஒருவர், பிறகு பேப்பரில் பெயர் வந்த வெளிநாட்டுத் தலைவர் ஒருவர். அந்த நாடு எந்தத் திசையில் இருக்கிறது என்று தெரியாத ஆட்கள் தொப்பியைக் கழற்றிக்கொண்டு தெற்கே பார்த்து நின்றார்கள். ஒவ்வொரு மௌனத்துக்கும் முன்னால் சம்மாட்டியாரின் உரை. மௌனத்தைப் பற்றி அவ்வளவு நேரம் பேசிய மனிதரை நான் வேறெங்கும் காணவில்லை.

பொழுதுபட்டால் பந்து தெரியாது. பெற்றோமக்ஸ் கட்டி விளையாடலாம் என்று யாரோ சொல்லி, ஒருநாள் கட்டியும் பார்த்தோம். முதல் உதையிலேயே பந்து விளக்கில் பட்டு, விளக்குக்கும் அஞ்சலி செலுத்தும் நிலை வந்தது. ஆகவே முடியாத ஆட்டத்தை அடுத்த சனிக்கிழமை மறுபடி முதலிலிருந்து வைக்க வேண்டும், மறுபடி அஞ்சலியிலிருந்து. நாணயம் சுண்டி முடிவெடுக்கலாம் என்று நான் ஒருமுறை சொன்னதற்கு, யோசேப்பின் பெயரைச் சுண்டி எறியச் சொல்கிறீரா என்று சம்மாட்டியார் கேட்டார். நான் விசிலைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டேன்.

4

கத்தோலிக்கக் குடும்பங்களில் புருஷன் செத்தால் பெண் ஒரு வருஷம் கறுப்பு உடுப்பாள். ஆண்டுப் பூசை ஒப்புக்கொடுத்ததும் கறுப்பைக் கழற்றலாம். திரேசம்மாவும் அப்படித்தான் கழற்றினாள். கோயில் விட்டுவிட்டது, கழகம் விடவில்லை. இரண்டாம் வருஷச் சுற்றுப்போட்டிக்குச் சம்மாட்டியார் அவளுடைய தமையனைக் கூப்பிட்டு, சனிக்கிழமைகளில் மட்டும் தங்கச்சி கறுப்பை உடுத்துக்கொண்டு வரட்டும், நிறச் சீலையோடு மெழுகுதிரி ஏற்றினால் சனம் என்ன நினைக்கும் என்றார். தமையன் அவருடைய வள்ளத்தில் தொழில் செய்பவன். அவன் என்ன சொல்ல ஏலும்?

ஆறு நாள் பச்சையும் நீலமும் உடுத்து மீன் காயவைக்கும் பெண், ஏழாம் நாள் பெட்டியிலிருந்து கறுப்பை எடுத்து உடுத்துக்கொண்டு விதவையாகப் போய் நிற்பாள். அவளுடைய சின்ன மகள் பந்தைக் கண்டால் சிலுவை போடப் பழகியிருந்தாள்.

அந்த இரண்டாம் வருஷந்தான் மண்டைதீவின் கோல் காப்பாளன் எமிலியான் அவளைக் கேட்டு ஆள் அனுப்பினான். மறைப்புக்கு வேட்டி பிடித்துப் பிடித்து அவளுடைய பொறுமையைக் கண்டவன் அவன். அவளுக்கும் விருப்பம். தமையனுக்கும் விருப்பம். சுவாமியாருக்கும் தடையில்லை. சம்மாட்டியார் மட்டும், சுற்றுப்போட்டி முடியட்டும், பிறகு பார்ப்போம் என்றார். அந்த வருஷம் இறுதியாட்டம் இழுபட்டு இழுபட்டு, உயிர்த்த ஞாயிறுக்கு முந்திய நாற்பது நாள் தபசு காலத்துக்குள் போய்விட்டது. தபசு காலத்தில் கலியாணம் இல்லை. உயிர்த்த ஞாயிறு கழிய எமிலியான் மற்றவர்களோடு முல்லைத்தீவுப் பக்கம் கரையில் கொட்டில் போட்டு, வாடி அடித்துத் தொழில் செய்யப் போனான். அவன் திரும்பி வர மாரி வந்தது, மாரிக்குப் பிறகு மறுபடியும் தை.

மூன்றாம் வருஷம் இறுதிக்கு வந்தவை கடற்கரைக் குறிச்சியும் மண்டைதீவும். முதல் இறுதியாட்டம் இருட்டில் கரைந்தது. இரண்டாவது இறுதியாட்டம் ஆளுக்கொரு கோலோடு இருட்டில் கரைந்தது. கலியாண ஓலையைக் கோயிலில் மூன்று ஞாயிறு வாசிக்க வேண்டும். தபசு காலத்துக்கு முன் சரியாக மூன்று ஞாயிறுதான் மிச்சம். மூன்றாவது இறுதியாட்டமும் அந்தச் சனிக்கிழமை முடியாவிட்டால் இன்னொரு வருஷம் போய்விடும். இது ஊர் முழுக்கத் தெரிந்த கணக்கு. நான் கந்தோரில் இருந்து கையெழுத்துப் போடும்போதும் எனக்கு இதே நினைவுதான்.

ஒன்றைச் சொல்ல மறந்தேன். யோசேப்பு போன அன்று வானம் நன்றாக இல்லை. மற்றச் சம்மாட்டிமார் வள்ளம் இறக்கவில்லை. இவர் இறக்கச் சொன்னவர். அதை ஊரில் எல்லாரும் அறிவார்கள், ஒருவரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. அந்த ஒரு விஷயத்தில் ஊர் காத்த மௌனம் மூன்று வருஷம் நீண்டது.

5

இங்கே சங்கக் கூட்டத்தில் நான் இதையெல்லாம் சொல்லவில்லை. உரையைச் சுருக்கமாக எழுதலாமா என்று மட்டும் கேட்டேன். சுருக்கமாக எழுதினால் ஊரில் இருப்பவர்கள் எங்களைப் பற்றி என்ன நினைப்பார்கள் என்று செயலாளர் கேட்டார். ஊரில் இருக்கும் நீங்கள் எங்களைப் பற்றி நினைப்பதற்கு இதைவிட எத்தனையோ விஷயம் இருக்கும் என்று நான் நினைக்கிறேன். செயலாளருக்கு அது விளங்காது. எங்களுக்கு வெளிநாட்டில் பெரிய பயம், மறந்துவிட்டோம் என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்பது. அதனால் எதையும் சத்தம் போட்டு நினைக்கிறோம்.

மகன் தன்னுடைய நண்பர்கள் நான்கு பேரை அந்தச் சுற்றுப்போட்டிக்குச் சேர்த்திருக்கிறான். அதில் இருவருக்குத் தமிழ் தெரியாது, ஒருவன் தமிழனே இல்லை. தொடக்கத்தில் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்று கேட்டான். கூட்டம் இன்னும் முடிவு செய்யவில்லை என்றேன். அப்படியென்றால் நாங்கள் பிந்தி வருகிறோம் என்றான். பிள்ளைகள் எங்களை விட்டு எப்படிப் போகிறார்கள் என்று ஊரிலிருந்து கேட்டு எழுதுகிறீர்களே, பெரிய சண்டை எதுவும் இல்லை, இப்படித்தான், பிந்தி வருகிறார்கள்.

6

மூன்றாவது இறுதியாட்டத்துக்கு மண்டைதீவுச் சனம் இரண்டு லொறியில் வந்து இறங்கியது. வாடை அன்றைக்கு நல்ல உரத்தோடு. சம்மாட்டியார் யோசேப்பைப் பற்றிப் பேசினார், கப்டனைப் பற்றிப் பேசினார், மாமியாரைப் பற்றிப் பேசினார். மெழுகுதிரி முதல் தரம் அணைந்தது. இரண்டாம் தரமும் அணைந்தது. மூன்றாம் தரம் வேட்டி ஒன்றில் நெருப்புப் பிடித்து அதை மண்போட்டு அணைத்தார்கள். எமிலியான் கோலுக்குள் நின்று மேற்கே சூரியனைப் பார்ப்பதும் மறைப்பைப் பார்ப்பதுமாக இருந்தான்.

நாலாம் தரம் மூட்டச் சொன்னபோது திரேசம்மா நெருப்புப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு எழும்பினாள். மறைப்பை விலக்கிக்கொண்டு நேரே சம்மாட்டியாரிடம் போனாள். அவள் மெதுவாகத்தான் பேசினாள். ஒலிவாங்கி அவர் கையில் இருந்ததால் ஊர் முழுக்கக் கேட்டது.

"சம்மாட்டியார், உங்களிலை எனக்குக் கோவமில்லை. அண்டைக்கு அவரும் மறுக்காமல்தான் போனவர். நான் அழவேண்டியதை வீட்டிலை அழுது முடிச்சிட்டன். இனி விடுங்கோ."

சம்மாட்டியார் வாயைத் திறந்தார். மூன்று வருஷத்தில் முதல் தடவையாக அவருக்குப் பேச்சு வரவில்லை. கண் கலங்கி, கதிரையைத் தடவிப் பார்த்து அதில் இருந்தார். பெரிய உடம்புள்ள மனிதர், அன்றைக்குக் கதிரையில் கொஞ்ச இடந்தான் பிடித்தார். எனக்கு அவர்மேல் இருந்த எரிச்சல் எல்லாம் அந்த இடத்தில் போய்விட்டது. பாவம் மனிதர், இவ்வளவு காலமும் மன்னிப்புக் கேட்கத் தெரியாமல் மாலை போட்டுக்கொண்டு திரிந்திருக்கிறார்.

திரேசம்மா என் பக்கம் திரும்பினாள்.

"கிளாக்கர் ஐயா, பொழுது படப்போகுது. அங்காலை கோலுக்கை நிக்கிற மனிசனை நான் கலியாணம் முடிக்கவேணும். விசிலை ஊதுங்கோ."

நான் சம்மாட்டியாரைப் பார்த்தேன். அவர் கையை மட்டும் அசைத்தார். ஊதினேன். அவ்வளவு சந்தோஷத்தோடு நான் விசில் ஊதியதே கிடையாது.

ஆட்டம் நல்ல ஆட்டம். மூன்று வருஷத்தில் முதன்முதலாகப் பகல் வெளிச்சத்தில் இரண்டு பாதியையும் பார்த்தோம். முடிய இன்னும் கொஞ்ச நேரம் இருக்கும்போது குறிச்சிப் பெடியன் ஒருவன் தூரத்திலிருந்து அடித்தான். எமிலியான் பாய்ந்தான். பந்து அவனுடைய கைக்குக் கீழால் போய்விட்டது. அவன் வேண்டுமென்றுதான் விட்டான் என்று மண்டைதீவார் இன்றைக்கும் சொல்வார்களாம். நான் பக்கத்தில்தான் நின்றேன். அவன் பாய்ந்தது உண்மையான பாய்ச்சல், கைதான் கொஞ்சம் பிந்திப் போனது. மனத்துக்குள் நடப்பதற்கு விசில் ஊத மத்தியஸ்தருக்கு அதிகாரமில்லை.

ஆட்டம் முடிந்ததும் வழக்கப்படி மறுபடி மௌனம் இருக்குமோ என்று சனம் கொஞ்சம் தயங்கியது. கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு பெடியள் ஓடினார்கள். திரேசம்மா கறுப்புச் சீலையோடு கோலடியில் போய் நின்று, அங்கே கிடந்த எமிலியானின் சேர்ட்டை மண் தட்டி அவனிடம் கொடுத்தாள். இவ்வளவு சனத்துக்கு முன்னால் அவள் அதைச் செய்தாள்.

மறுநாள் ஞாயிறு. நான் சைவக்காரன், ஆனாலும் மனம் கேளாமல் பூசைக்குப் போய்க் கோயிலின் கடைசியில் நின்றேன். பூசை முடிவில் சுவாமியார் கலியாண ஓலையை வாசித்தார். காலஞ்சென்ற யோசேப்பின் விதவை திரேசம்மா, மண்டைதீவு எமிலியான், முதலாம் முறை. இதற்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் இருந்தால் தெரிவிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுத் தலையை நிமிர்த்திப் பார்த்தார்.

முன்வரிசையில் சம்மாட்டியார் இருந்தார். கோயில் முழுக்க அவருடைய பிடரியைத்தான் பார்த்தது. அவர் இரண்டு கையையும் கூப்பி, தலை குனிந்து, ஒரு சொல்லும் பேசாமல் இருந்தார். அவர் பேசாதபடியால் ஒருவரும் பேசவில்லை, ஒரு குழந்தைகூட அழவில்லை. பெண்கள் பக்கத்தில் நீலச் சீலையோடு முழந்தாளில் இருந்த திரேசம்மா, சுவாமியார் அடுத்த அறிவித்தலை வாசிக்கத் தொடங்கிய பிறகுதான் மூச்சை விட்டாள்.